எழுதிக் காட்டுங்கள் என்றேன்

அந்த அம்மாள் பேனாவை வாங்கி, முள்ளைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். நகத்தில் நீலக் கோடு விழுந்தது. அதைத் துடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. செங்கல்பட்டில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறை. ஏரிப் பக்கத்திலிருந்து காற்று வந்துகொண்டிருந்ததால், மேசைமேல் இருந்த கோடு போட்ட முழுத்தாள் பறக்காமல் இருக்க ஒரு கண்ணாடி டம்ளரை வைத்தேன். எதிரே சுவர்க்கடிகாரம்.

"உங்க கதையிலேருந்து ஒரு பக்கம் எழுதுங்கம்மா. எதையும் பாக்காம எழுதணும்" என்றேன்.

"எந்த எடம் சார்?"

"எந்த இடமானாலும் சரி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தம்பி அப்துல் கபூர் வாயைத் திறந்தார். "சார், அக்காவுக்கு வந்து இந்த எழுத்து..."

"நீங்க பேசக் கூடாது. கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

நாற்பது வயதுக்காரர், எழுந்து போய் வாசலில் வெயிலில் நின்றார். அக்காளின் பெயர் மைமூன் பீவி. ஐம்பதை நெருங்கிய வயது. மாமல்லபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக வந்திருந்தார். அவர் பெயரில் எனக்கு ஒரு நாவல் வந்திருந்தது. அதை எழுதியவர் அவர்தானா என்று கண்டுபிடிக்கத்தான் நான் அவரை வரவழைத்திருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. சரியான தேதி என் ஏட்டில் இருக்கிறது. இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும், தேதி சொல்லாமல் நான் எதையும் எழுதுவதில்லை என்று. இந்த வாரம் சொல்லப் போவதில்லை. தேதி சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்த ஒருவன் செய்த காரியம் இது.

நடுவில் நின்றவன்

ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பதிப்பகத்துக்குக் கைப்பிரதி படித்துக் கொடுத்ததாக எழுதினீர்களே, ஒரு கைப்பிரதியில் என்னத்தைப் பார்ப்பீர்கள்?"

அப்போது நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. சென்னையில் மாதம் ஒரு நாவல் வெளியிட்டு வந்த ஒரு பதிப்பகத்தின் முதலாளி, நான் எழுதிய ஒரு கடிதத்தால் எனக்குப் பழக்கமானார். அவர் வெளியிட்ட சரித்திர நாவலில் அமாவாசையன்று நிலா காய்ந்ததைச் சுட்டிக்காட்டியிருந்தேன். "இனி அச்சுக்கு முன்னாலேயே நீங்கள் பார்த்துவிடுங்கள்" என்று பதில் வந்தது. அதன் பிறகு தபாலில் கட்டுக் கட்டாகக் கைப்பிரதிகள் வரத் தொடங்கின. எங்கள் பக்கத்தில் எழுதுகிறவர்கள் சிலர் என் விலாசத்துக்கே நேராக அனுப்பினார்கள். வெளிநாடுகளில் எழுதுகிறவருக்கும் பதிப்பாளருக்கும் நடுவில் நிற்பதற்கென்றே ஆட்கள் உண்டு என்று படித்திருக்கிறேன். நான் பட்டம் இல்லாமல் அந்த இடத்தில் நின்றேன்.

என்ன பார்ப்பேன்? முதலில் தாள். ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்க வேண்டும். பிறகு, திருப்பி அனுப்பத் தபால் தலை இருக்கிறதா என்று. வைக்காதவர் தன் கதை திரும்பி வராது என்று நம்புகிறவர். அந்த நம்பிக்கை பெரும்பாலும் இரண்டாம் பக்கத்திலேயே எனக்குப் போய்விடும்.

முதல் பக்கத்தில் சூரியன் உதித்தால் கொட்டாவி வரும். நேராக நாற்பதாம் பக்கத்துக்குப் போவேன். அங்கே யாருக்காவது பசிக்கிறதா, வேர்க்கிறதா, செருப்பு அறுந்துபோகிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் இல்லாமல் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தால் கட்டி வைத்துவிடுவேன்.

அதன் பிறகு தேதி. பழைய பஞ்சாங்கங்கள் என் அலமாரியில் ஒரு வரிசை நிற்கும். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒருவர் அனுப்பிய குடும்ப நாவலில் பத்து நாளுக்குள் இரண்டு பௌர்ணமி வந்தது. "கதாநாயகி அழகா இருக்கறப்பல்லாம் நிலா வரணும் சார்" என்று அவர் எனக்கு விளக்கம் எழுதினார். அவரை இன்றும் நான் பிரியமாக நினைத்துக்கொள்வேன்.

கடைசியாக உறுதிமொழி. "இது என் சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ அன்று" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பத்திர ஆபீஸ்காரன் அல்லவா, இதில் மட்டும் நான் கொஞ்சம் அதிகமாகவே கறார். எழுதிக் கொடுப்பவர்தான் எதிரே நிற்பவரா என்று பார்ப்பதுதான் எனக்குப் பகல் முழுவதும் வேலை.

அதற்குக் காரணமும் இருந்தது. அந்தக் காலத்தில் ஆண்கள் பலர் பெண் பெயரில் எழுதினார்கள். மனைவி பெயர், மகள் பெயர், இல்லாத தங்கை பெயர். நானே மூன்று பேரைக் கண்டுபிடித்திருந்தேன். முதலாளி என்னை மெச்சியிருந்தார். அந்த மெச்சுதல் எனக்குப் பிடித்திருந்தது.

நாலு மாதம் பத்து நாள்

மைமூன் பீவியின் நாவலுக்கு இதுதான் தலைப்பு. முஸ்லிம் குடும்பங்களில் கணவன் இறந்தால் மனைவி வீட்டோடு இருந்து காக்கும் காலம் அது. கதையில் வரும் பெண்ணின் கணவன் சரக்குத் தோணியில் போனவன். தோணியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அவன் இறந்துவிட்டான் என்று ஊர் சொல்கிறது. என்றைக்கு இறந்தான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எந்த நாளிலிருந்து நாலு மாதம் பத்து நாளை எண்ணுவது? தேதி இல்லாததால் அவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. கடைசியில் ஒருநாள் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது, "இன்னிக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கையைத் துடைத்துவிட்டு உள்ளே போய் உட்காருகிறாள்.

நான் நாற்பதாம் பக்கத்துக்குத் தாவவில்லை. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தேன். கதையில் புயல் வருகிறது. பஞ்சாங்கத்தோடும் பழைய செய்தித்தாளோடும் ஒத்துப் பார்த்தேன். பிறை, நோன்பு, ஐப்பசி மழை, கடல் உள்வாங்கிய நாள், ஒன்றுகூடத் தப்பவில்லை.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கதை மட்டமாக இருந்திருந்தால் அந்த அம்மாள்தான் எழுதினார் என்று நம்பியிருப்பேன். இவ்வளவு கணக்கு தப்பாத மூளை கடற்கரை வீட்டில் அடுப்பு ஊதுகிற ஒரு பெண்ணுக்கு இருக்காது என்று முடிவு கட்டினேன். கையெழுத்து வேறு தம்பியுடையது. மேலே வைத்திருந்த கடிதத்தில் அவரே மறைக்காமல் எழுதியிருந்தார்: "கதை அக்காவுடையது. அவர் எழுத்து தங்களுக்குப் படிக்க வராது என்பதால் நான் பிரதி எடுத்தேன்."

படிக்க வராத அளவுக்குக் கிறுக்கலா? சாக்கு என்று நினைத்தேன். இருவரையும் நேரில் வரச் சொல்லிக் கார்டு போட்டேன்.

வலப்பக்கத்தில் வைத்த பேனா

அவர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, பேனா முள்ளைத் தாளின் வலது ஓரத்தில் வைத்தார். அங்கிருந்து இடப்பக்கமாக எழுதிக்கொண்டு வந்தார். வேகமாக. நடுவில் ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் எழுதினார். வளைவும் புள்ளியுமாக நாலைந்து வரிகள் ஆயின.

"அம்மா, இது அரபு" என்றேன்.

"இல்ல சார். எழுத்துதான் அது. இது தமிழு."

"தமிழ்ல எழுதத்தான் நான் சொன்னேன்."

"தமிழுதான் சார் எழுதிகினு கீறேன்."

அவர் குரலில் கோபமில்லை. வழி கேட்டவருக்குச் சொல்வது போலச் சொன்னார். வேதம் ஓதக் கற்றதை எழுதிக் காட்டி என்னை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் கைக்கு அடியிலிருந்து தாளை இழுத்துக்கொண்டேன். எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் நின்றது. பேனா முள் மேசையில் கீறியது.

"போதும்மா. உங்களுக்குத் தமிழ் எழுதத் தெரியுமா, தெரியாதா?"

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "நீங்க கேக்கற எழுத்துல தெரியாது சார்."

"அவ்ளோதான். நீங்க போகலாம்."

என் மனைவி சரோஜா இரண்டு டம்ளர் காப்பியோடு வந்து நின்றாள். அந்த அம்மாள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "இருக்கட்டும் தாயி, பஸ்ஸுக்கு நேரமாய்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வாசலில் தம்பி ஏதோ கேட்டார். இவர், "வா, போலாம்" என்றார். அது மட்டும் எனக்குக் கேட்டது.

"இன்னாங்க இது? பொம்பளைய ஒக்கார வெச்சு பரீச்சையா?" என்றாள் சரோஜா.

"உனக்குத் தெரியாது. இதுல ஏமாத்து நெறைய."

"கதையப் பத்தி ஒரு வார்த்த கேட்டீங்களா அந்தம்மாவ? மீன் கழுவறப்ப அவ ஏன் எழுந்து போனான்னு கேட்டா, எழுதனவங்களுக்குத் தெரியாதா?"

நாவலை அவளும் படித்திருந்தாள். தாளின் மூலையில் தேதியும் மணியும் குறித்துக் கோப்பில் வைத்தேன்.

இங்கே ஒரு பழைய விஷயம். என் தகப்பனார் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். வேலையில் சேர்ந்த அன்று என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு மேலதிகாரி, "எழுதிக் காட்டு பாக்கலாம்" என்று ஒரு தாளைத் தள்ளினார். எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் தலையை ஆட்டி உள்ளே விட்டார். அன்று நான் தேறிவிட்டதால், அது நல்ல முறை என்று நினைத்துக்கொண்டேன்.

என் அறிக்கை

அன்று மாலையே எழுதினேன். "கதை முதல் தரம். அவசியம் வெளியிடலாம். பெயர் கொடுத்துள்ள மைமூன் பீவியை நேரில் சோதித்தேன். அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. உண்மையில் எழுதியவர் தம்பி அப்துல் கபூர் என்பது என் முடிவு."

சில மாதங்களில் நாவல் வெளிவந்தது. எனக்கு இரண்டு பிரதிகள் வந்தன. அட்டையில் ஒரு தோணி, கீழே அப்துல் கபூர் என்ற பெயர். ஒரு சிக்கலை அவிழ்த்துவிட்ட திருப்தியோடு அலமாரியில் வைத்தேன்.

பாஷா பாய் படித்தது

அதற்குப் பிறகு, ஒரு வெயில் காலத்தில், சதுரங்கப்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் பாகப் பத்திரத்துக்குச் சாட்சியாக வந்தார். கைநாட்டா, கையெழுத்தா என்று கேட்டேன். கையெழுத்து என்று சொல்லி, வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கார்?" என்று பத்திர எழுத்தர் பாஷா பாயைக் கேட்டேன். ஆபீஸ் வாசலில் சின்ன மேசை போட்டு வருஷக்கணக்கில் பத்திரம் எழுதுகிறவர் அவர்.

பாஷா பாய் எட்டிப் பார்த்துப் படித்தார். "மேற்படி சொத்தைப் பற்றி எனக்குத் தெரியும், சதுரங்கப்பட்டினம் மரைக்காயர் மகன்... இன்னா சார், இது தமிழு. அரபு எழுத்துல எழுதனா தமிழு இல்லன்னு ஆய்டுமா? எங்கம்மா எனுக்கு இதுலதான் கடுதாசி போடும். அந்தக் காலத்துப் பொம்பளைங்க ஓதற பள்ளிக்கூடத்துல கத்துக்கறது இது ஒண்ணுதான். ஏன் சார், ஒரு மாரி ஆய்ட்டீங்க?"

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போய்க் கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தேன். பாஷா பாய் அரச மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பீடியை அணைத்துவிட்டு, தாளைத் தள்ளிப் பிடித்து நிதானமாகப் படித்தார்.

"என்னை ஒரு வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். என் தம்பியை வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். எதிரே இருப்பவர் என் கையைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கவில்லை. பேனா புதுசு, கீறுகிறது. சமையல் கட்டில் காப்பிக் கொட்டை வறுபடும் வாசனை வருகிறது, அந்த வீட்டுப் பெண் நல்லவள். இவரும் கெட்டவர் போலத் தெரியவில்லை. ஆனால்..."

பாஷா பாய் நிமிர்ந்தார். "அவ்ளோதான் கீது. மேல எழுதல."

அதே நடை. நாவலில் எந்தப் பக்கத்தில் வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

"யார் சார் இது? ஜோரா எழுதறாங்க."

எனக்குத் தெரிந்த ஒருவர் என்று மட்டும் சொன்னேன்.

சைக்கிள் கடைக்குப் பின்னால்

அடுத்த ஞாயிறு மாமல்லபுரம் போனேன். கற்கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடை கபூருடையது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த காற்றுப் பம்ப்பைக் கீழே போட்டார்.

"வாங்க சார்" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "நான் வேணான்னுதான் சார் சொன்னேன். என் பேர்ல வேணாவே வேணான்னேன். இப்ப டீக்கடையில ஒக்காந்தா, இன்னா எழுத்தாளரே, அடுத்தது இன்னா எழுதிகினு கீறன்னு கேக்கறானுங்க. ஓடி வந்துடறேன் சார்" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. மைமூன் பீவி முற்றத்தில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். காக்கைக்காகப் பக்கத்தில் ஒரு கழி. என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

"அந்தத் தாளைப் படிக்க வெச்சேம்மா" என்றேன்.

"யாரு படிச்சாங்க?"

"எங்க ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதற பாய் ஒருத்தர்."

"முழுசா எழுத உடலியே நீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மன்னிக்க வேண்டும் என்றேன். பதிப்பகத்துக்கு எழுதி அடுத்த பதிப்பில் பெயரை மாற்றச் சொல்வதாகச் சொன்னேன்.

"பேரு கெடக்குது சார். இவன்தான் வேணான்னான், நான்தான் போடச் சொன்னேன். இல்லன்னா கதை பொட்டியிலேயே கெடந்து பூச்சி அரிக்கும். தம்பி பேருதான, எடுத்தவன் யாரோ இல்லியே." ஒரு மீனைத் திருப்பிப் போட்டார். "நீங்க அவுங்களுக்கு ஒண்ணு எழுதனீங்களாமே? எனுக்குத் தமிழு தெரியாதுன்னு. அங்கேருந்து கார்டு வந்துச்சு, இவன் படிச்சிக் காட்டினான்."

"ஆமாம்மா."

"அத மட்டும் மாத்தி எழுதிடுங்க. பேரு வர்லன்னாலும் பரவால்ல. எனுக்குத் தமிழு தெரியாதுன்னு ஒரு எடத்துல எழுதி வெச்சுக் கீதுன்னு நெனச்சா தூக்கம் வர்ல சார்."

அவர் என்னிடம் கேட்டது அந்த ஒரு வரியை மட்டும்தான். சத்தியமாக எழுதுகிறேன் என்றேன். கிளம்பும்போது, தாளில் சுற்றிக் கொஞ்சம் கருவாடு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

காப்பி

கார்டில் எழுதுவதைவிட நேரில் சொல்வது மரியாதை என்று நினைத்தேன். அப்படித்தான் நான் என்னிடம் சொல்லிக்கொண்டேன். பத்துப் பதினைந்து நாள் கழித்துச் சென்னைக்கு ரயில் ஏறினேன்.

முதலாளி எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். எதிரே உட்கார்ந்திருந்த வேறு இரண்டு எழுத்தாளர்களிடம் என்னைக் காட்டினார். "இவருதான் செங்கல்பட்டு சார். தோணிக்காரன் கதையை, அந்தம்மா எழுதலைன்னு கூப்பிட்டு வெச்சு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சார். பேரை மாத்தாம போட்டிருந்தா நாளைக்கு ஊரே சிரிச்சிருக்கும். இவரு கண்ணுல ஒண்ணும் தப்பாது."

இரண்டு பேரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். காப்பி வந்தது. வாயைத் திறந்தேன். காப்பியைக் குடித்தேன். அடுத்த மாதத்துக்கான கைப்பிரதிக் கட்டை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

ரயிலில் வரும்போது, நாளை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் நினைத்தேன். என் ஏட்டில் அந்த மாதம் முழுவதும் மழை அளவு இருக்கிறது, ரயில் தாமதம் இருக்கிறது, காய்கறி விலை இருக்கிறது. இந்த விஷயம் ஒரு வரிகூட இல்லை.

ஏற்கலாம்

மறு வருஷம் இன்னொரு கைப்பிரதி வந்தது. கபூரின் உருண்டைக் கையெழுத்து. இந்த முறை விளக்கக் கடிதம் இல்லை. எழுதியவர் என்ற இடத்தில் அப்துல் கபூர். "இது என் சொந்தக் கற்பனை" என்ற உறுதிமொழியின் கீழே அப்துல் கபூர். அவருடைய அக்காள், நான் மாற்றி எழுதுவேன் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று புரிந்தது.

இரண்டு நாளில் படித்தேன். முந்தியதைவிட நல்ல நாவல். தேதிகளைச் சரிபார்த்தேன், ஒன்றும் தப்பவில்லை. அறிக்கையில் "நடை தெளிவு. ஏற்கலாம்" என்று எழுதினேன். அதற்குக் கீழே வழக்கமாக எழுதும் வரியை, "உறுதிமொழி சரி" என்பதை, என் முத்தான கையெழுத்தில் எழுதினேன்.

பொட்டலம் கட்டி, மெழுகுவத்தியில் அரக்கைக் காட்டி முடிச்சின் மேல் சொட்டவிட்டுக்கொண்டிருந்தபோது சரோஜா வந்து நின்றாள்.

"யாருது இது?"

"கபூர்து."

அவள் பொட்டலத்தையும் என்னையும் பார்த்தாள். "அவர கூப்ட்டு ஒக்கார வெச்சு எழுதிக் காட்டச் சொல்லலியா?"

அரக்கு இன்னும் இளகித்தான் இருந்தது. பிரித்திருக்கலாம். நான் முத்திரையை எடுத்து வைத்து அழுத்தினேன்.